மோல் (அலகு)

மோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அலகு ஆகும். அனைத்துலக முறை அலகுகளின் ஏழு அடிப்படை அலகுகளுள் இதுவும் ஒன்று. ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்களைக் கொண்ட பொருளின் அளவைக் குறிக்கும். இத்துகள்கள் அணுக்களாகவோ, மூலக்கூறுகளாகவோ, அயனிகளாகவோ, எலக்ட்ரான்களாகவோ இருக்கலாம். ஆனால் எவை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். இவ்வெண் இத்தாலிய அறிஞர் அமேடியோ அவகாதரோவின் பெயரால் அவகாதரோ எண் என அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மோல் என்றும், இலங்கைப் பாடநூல்களில் மூல் என்றும் இவ்வலகு எழுதப்படுகிறது.

மோல் ஓர் எடையலகு அன்று, எண்ணிக்கை அலகு. வேதியியல் கற்கத் தொடங்குவோர் பலர் இடறும் இடம் இதுவே. 12 கிராம் கார்பன் ஒரு மோல், 18 கிராம் நீர் ஒரு மோல், 58.5 கிராம் சமையலுப்பு ஒரு மோல் என எடைகளின் வழியாகவே மோல் பெரும்பாலும் அறிமுகமாகிறது. இதனால் பொருளுக்குப் பொருள் மாறும் ஏதோ ஒரு விந்தையான எடை என்ற எண்ணம் எழுகிறது. மாறுவது எடைதான், எண்ணிக்கை மாறுவதில்லை.

பெயர்

இச்சொல்லை 1890களில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் செருமானிய வேதியியலாளர் வில்லெம் ஆசுட்வால்டு. மூலக்கூறைக் குறிக்கும் செருமானியச் சொல்லின் சுருக்கம் இது. அச்சொல்லோ பருப்பொருள், திரள் என்னும் பொருள்களைத் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அணுக்கள் உண்மையாகவே இருக்கின்றன என்பதை ஆசுட்வால்டு அக்காலத்தில் ஏற்கவில்லை. அவருடைய மோல் துகள்களின் எண்ணிக்கையாக இல்லாமல், மூலக்கூறு எடையைக் கிராமில் கூறும் ஒரு வசதியாகவே இருந்தது. எண்ணிக்கை என்னும் பொருள் அச்சொல்லுக்குப் பின்னரே உறுதிப்பட்டது.

நிறுத்து எண்ணுதல்

டசன் என்றால் 12, வெற்றிலையில் ஒரு கவுளி என்றால் 100, தாளில் ஒரு ரீம் என்றால் 500. மோலும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் டசனையும் கவுளியையும் கையால் எண்ணிவிடலாம். அணுக்களை எண்ண முடியாது. எண்ண முடியாதவற்றை எண்ணிக்கையால் அளக்கும் வழி எப்படிக் கிடைத்தது என்பதைப் புரிந்துகொண்டால் மோல் முழுவதும் புரிந்துவிடும்.

ஒரு கடையில் இருவகைத் திருகாணிகள் இருப்பதாகக் கொள்வோம். பெரிய திருகாணி ஒன்றின் எடை, சிறியது ஒன்றின் எடையைப் போல் 12 மடங்கு. கடைக்காரர் 12 கிலோகிராம் பெரிய திருகாணிகளையும், 1 கிலோகிராம் சிறிய திருகாணிகளையும் நிறுத்து வைக்கிறார். இரு குவியல்களிலும் உள்ள எண்ணிக்கை சமமாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை உள்ளன என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஒன்றின் எடை மற்றதன் எடையைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதம் மட்டும் தெரிந்தால் போதும்.

கார்பன் அணு ஒன்றின் எடை ஐதரசன் அணு ஒன்றின் எடையைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு. ஆகவே 12 கிராம் கார்பனிலும் 1 கிராம் ஐதரசனிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமம். 16 கிராம் ஆக்சிசனிலும், 32 கிராம் கந்தகத்திலும், 56 கிராம் இரும்பிலும் அதே அளவு அணுக்கள் உள்ளன. ஒரு தனிமத்தின் அணு எடையை அப்படியே கிராமாக எடுத்துக்கொண்டால் கிடைப்பது ஒரு மோல் அணுக்கள். சேர்மமாயின் மூலக்கூறு எடையைக் கிராமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மோலின் எடை அப்பொருளின் மோலார் நிறை எனப்படும். 19 ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்கள் இந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதைத் துல்லியமாக அறியாமலேயே பல்லாண்டுகள் இம்முறையைப் பயன்படுத்தினர்.

எண்ணின் அளவு

ஒரு நெல்லரிசியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம் எனக் கொண்டால், ஒரு மோல் அரிசிமணிகளின் எடை ஏறத்தாழ 12,000 இலட்சம் கோடி டன் ஆகும். உலகின் ஓராண்டு அரிசி விளைச்சல் ஏறத்தாழ 50 கோடி டன். அந்த அளவில் விளைந்துகொண்டே இருந்தாலும் ஒரு மோல் சேர இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதே எண்ணிக்கையிலான நீர் மூலக்கூறுகள் 18 மில்லிலீட்டரில், அதாவது ஒரே மிடறில் அடங்கிவிடுகின்றன. எண்ணின் பெருமையைக் காட்டிலும் மூலக்கூறின் சிறுமையையே இவ்வொப்பீடு காட்டுகிறது.

கணக்கீட்டில் பயன்

வேதி வினைகள் எண்ணிக்கையால் நடைபெறுகின்றன. ஆய்வகத்திலும் தொழிற்சாலையிலும் உள்ளவை தராசுகள். இவ்விரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக மோல் நிற்கிறது.

சுண்ணாம்புக் காளவாயை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு ஆகும். அதைச் சுடும்போது கால்சியம் ஆக்சைடாகிய சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டைஆக்சைடு வளிமமும் கிடைக்கின்றன. ஒன்று உடைந்து இரண்டிலும் ஒவ்வொன்று உண்டாகிறது. கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிசன் மூன்று அணுக்களுக்கு 48. ஆகக் கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை 100 கிராம். கால்சியம் ஆக்சைடுக்கு 56, கார்பன் டைஆக்சைடுக்கு 44. எனவே ஒரு கிலோகிராம் தூய கல்லில் 10 மோல் உள்ளது. அதிலிருந்து 10 மோல், அதாவது 560 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 440 கிராம் புகைபோக்கி வழியே காற்றில் கலக்கிறது. 25 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் ஒரு பார் அழுத்தத்திலும் அவ்வளிமத்தின் கன அளவு ஏறத்தாழ 248 லீட்டர். சுட்டபின் கல் இலேசாகிவிடுவதைக் காளவாயில் வேலை செய்வோர் கையாலேயே உணர்வர். எவ்வளவு இலேசாகும் என்பதை மோல் கணக்கு கூறுகிறது.

உரமூட்டைகளின் மீது அச்சிடப்படும் விழுக்காடும் இக்கணக்கினின்றே வருகிறது. யூரியாவின் மோலார் நிறை 60 கிராம். அதில் நைட்ரசன் அணுக்கள் இரண்டு, அவற்றின் பங்கு 28 கிராம். 28ஐ 60ஆல் வகுத்தால் 46.7 விழுக்காடு வருகிறது. யூரியா மூட்டையில் 46 என்ற எண் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. அம்மோனியம் சல்பேட்டின் மோலார் நிறை 132 கிராம். அதிலும் நைட்ரசன் அணுக்கள் இரண்டுதான். ஆகவே அதில் நைட்ரசன் ஏறத்தாழ 21 விழுக்காடு மட்டுமே. ஒரே அளவு நைட்ரசனைப் பயிருக்கு இட, யூரியாவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அம்மோனியம் சல்பேட்டு தேவைப்படும்.

வரலாறு

மேற்கண்ட கணக்குகள் எளிதாகத் தோன்றுவதற்குக் காரணம், நீர் மூலக்கூறில் ஐதரசன் அணுக்கள் இரண்டு, ஆக்சிசன் அணு ஒன்று என்பது இன்று முன்னரே தெரிந்திருப்பதுதான். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது தெரியாது. நீரில் 1 கிராம் ஐதரசனுக்கு ஏறத்தாழ 8 கிராம் ஆக்சிசன் என்ற விகிதத்தைத் தராசு காட்டியது. நீரில் ஒவ்வோர் அணு மட்டும் இருந்தால் ஆக்சிசனின் அணு எடை 8 ஆகும். ஐதரசன் அணுக்கள் இரண்டு இருந்தால் அது 16 ஆகும். அணு எடையை அறிய அணுக்களின் எண்ணிக்கை தெரிய வேண்டும். எண்ணிக்கையை அறிய அணு எடை தெரிய வேண்டும். தராசு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இச்சுழலிலிருந்து வெளிவர வழியில்லை.

ஆங்கிலேய அறிஞர் சான் டால்ட்டன் 1808 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், எளியதே உண்மையாக இருக்கும் எனக் கருதி, நீரில் ஒவ்வோர் அணு எனக் கொண்டார். அவர் காலத்து அளவீடுகளின் குறைபாட்டால் ஆக்சிசனின் எடையும் அந்நூலில் 7 என்றே இருந்தது. அதே ஆண்டில் பிரான்சிய அறிஞர் கே-லுசாக் வளிமங்கள் எளிய கன அளவு விகிதங்களில் கூடுகின்றன எனக் கண்டறிந்தார். இரண்டு கன அளவு ஐதரசன் ஒரு கன அளவு ஆக்சிசனுடன் கூடினால் இரண்டு கன அளவு நீராவி உண்டாகிறது.

இதன் உட்பொருளை விளக்கியவர் அவகாதரோ. 1776 ஆம் ஆண்டில் துரின் நகரில் பிறந்த இவர் முதலில் சட்டம் பயின்றவர்; பின்னரே அறிவியல் பக்கம் திரும்பினார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வளிமங்களில் சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகள் உள்ளன என 1811 ஆம் ஆண்டில் அவர் முன்மொழிந்தார். அப்படியானால் ஓர் ஆக்சிசன் மூலக்கூறிலிருந்து இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டாக வேண்டும். எனவே ஆக்சிசன் மூலக்கூறு இரண்டாகப் பிளக்கத்தக்கதாக, ஈரணு கொண்டதாக இருக்க வேண்டும். டால்ட்டன் இதை ஏற்கவில்லை. ஒரே தனிமத்தின் இரு அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற வினாவுக்கு அக்கால வேதியியலில் விடை இருக்கவில்லை என்பதால், பிறரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இப்புறக்கணிப்பின் விலை அரை நூற்றாண்டுக் குழப்பம். ஆய்வாளர்கள் வெவ்வேறு அணு எடைகளைக் கொண்டு எழுதியதால், ஒருவரின் வாய்பாடு மற்றவருக்குப் புரியாத நிலை உண்டானது. செருமானிய வேதியியலாளர் கெக்குலே 1861 ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடநூலில், புளிக்காடியின் முதன்மைப் பொருளாகிய அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் அன்று வழங்கிய 19 வாய்பாடுகளைப் பட்டியலிட்டிருந்தார்.

1860 ஆம் ஆண்டு செப்டம்பரில் செருமனியின் கார்ல்சுரூ நகரில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் இதைத் தீர்க்கக் கூடினர். மாநாடு எம்முடிவையும் எட்டவில்லை. ஆனால் இத்தாலியரான கன்னிசாரோ, அவகாதரோவின் கருதுகோளைக் கொண்டு அணு எடைகளை ஒழுங்காகக் கண்டறியும் வழியை 1858 ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அந்தச் சிறுநூலின் படிகள் மாநாட்டின் முடிவில் வழங்கப்பட்டன. அதை ஊருக்கு எடுத்துச் சென்று படித்தவர்களுள் லோதர் மேயரும் ஒருவர். இவரும், மாநாட்டில் கலந்துகொண்ட மெண்டலீவும் அடுத்த பத்தாண்டுக்குள் தனிம வரிசை அட்டவணையைத் தனித்தனியே உருவாக்கினர். அணு எடைகள் சீர்படாமல் அவ்வட்டவணை தோன்றியிருக்க இயலாது. அவகாதரோ இதைக் காணவில்லை. அவர் 1856 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். தம் பெயர் தாங்கிய எண்ணை அவர் ஒருபோதும் கணக்கிட்டதும் இல்லை.

எண்ணைக் கண்டறிதல்

மூலக்கூறுகளின் பருமனைப் பற்றிய முதல் நல்ல மதிப்பீட்டை 1865 ஆம் ஆண்டில் ஆசுத்திரியாவின் லோசுமிட் அளித்தார். செருமானிய மொழி நூல்களில் இவ்வெண் நெடுங்காலம் லோசுமிட் எண் என வழங்கியதற்கு இதுவே காரணம்.

பலரையும் ஏற்கச் செய்த அளவீடு பிரான்சிய இயற்பியலாளர் ழான் பெரெனுடையது. குடம்புளியின் பேரினத்தைச் சேர்ந்த ஆசிய மரங்களில் வடியும் மஞ்சள் நிறப் பிசின் ஒன்று ஓவிய வண்ணமாகப் பயன்பட்டு வந்தது. பெரென் அதிலிருந்து ஒரே அளவுள்ள நுண்ணிய உருண்டைகளைப் பிரித்தெடுத்து நீரில் மிதக்க விட்டார். மலை உச்சியில் காற்று அடர்த்தி குறைவது போல, நீரிலும் மேலே செல்லச் செல்ல உருண்டைகளின் எண்ணிக்கை குறைந்தது. காற்றில் பல கிலோமீட்டர் உயரத்தில் நிகழும் இக்குறைவு, எடை மிகுந்த இவ்வுருண்டைகளுக்கு ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிக்குள்ளேயே நிகழ்ந்துவிடும். ஒவ்வோர் உயரத்திலும் உருண்டைகளை நுண்ணோக்கியில் எண்ணி, உருண்டையின் எடையையும் அளந்தால், அதனைக் கொண்டு ஒரு மூலக்கூறின் எடையைக் கணக்கிடலாம். 1909 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட மதிப்பு ஏறத்தாழ 7 × 10²³. இம்மாறிலிக்கு அவகாதரோவின் பெயரை இட்டவரும் அவரே. 1926 ஆம் ஆண்டில் பெரென் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இத்தகைய சான்றுகள் குவிந்த நிலையில், ஆசுட்வால்டும் 1909 அளவில் அணுக்கள் உண்மை என ஒப்புக்கொண்டார்.

தொடர்பற்ற வழிகள் பலவும் ஒரே எண்ணுக்குக் கொண்டுசெல்வதே இதன் வலிமை. மின்னாற்பகுப்பில் ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்மம் 96,485 கூலோம் எனத் தெரிந்திருந்தது. ஓர் எலக்ட்ரானின் மின்மம் 1.602 × 10⁻¹⁹ கூலோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 6.02 × 10²³ கிடைக்கிறது.

படிகங்களின் வழியும் உண்டு. சிலிக்கான் படிகத்தின் அடிப்படைக் கட்டம் ஒரு கனசதுரம். அதன் பக்கம் ஒரு சென்டிமீட்டரின் 5.431 × 10⁻⁸ பங்கு என எக்சு கதிர்கள் காட்டுகின்றன. அதில் எட்டு அணுக்கள் உள்ளன. எனவே ஓர் அணுவுக்குரிய இடம் 2.002 × 10⁻²³ கன சென்டிமீட்டர். சிலிக்கானின் அணு எடை 28.09, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.329 கிராம், ஆகவே ஒரு மோலின் இடம் 12.06 கன சென்டிமீட்டர். இதை ஓர் அணுவின் இடத்தால் வகுத்தால் அதே எண் வருகிறது. பள்ளி மாணவர் ஒருவர் கணிப்பானில் இதைச் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம்.

வரையறையின் மாற்றங்கள்

அணு எடைகளுக்கான அடிப்படையாக முதலில் ஐதரசனும் பின்னர் ஆக்சிசனும் இருந்தன. இயற்கை ஆக்சிசன் மூன்று ஓரிடத்தான்களின் கலவை எனத் தெரிந்தபின், வேதியியலாளர் கலவையை 16 எனவும், இயற்பியலாளர் ஆக்சிசன்-16ஐ மட்டும் 16 எனவும் கொண்டதால் இருவேறு அளவுகோல்கள் வழங்கின. 1960–61 ஆம் ஆண்டுகளில் இரு தரப்பினரும் கார்பன்-12க்கு உடன்பட்டனர். 1971 ஆம் ஆண்டில் மோல் ஏழாவது அடிப்படை அலகாக ஏற்கப்பட்டது. 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ, அத்தனை துகள்களைக் கொண்ட அளவு என்பது அன்றைய வரையறை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கிராம் என்பது பாரிசுக்கு அருகே வைக்கப்பட்டிருந்த ஒரு பிளாட்டினம்–இரிடியம் உருளையின் எடையைச் சார்ந்திருந்தது. ஆகவே மோலும் அவ்வுருளையைச் சார்ந்திருந்தது. 2018 ஆம் ஆண்டு நவம்பரில் வெர்சாயில் கூடிய எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு இதனை மாற்றியது. மாற்றம் 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி எண்ணே முதலில் நிலைநிறுத்தப்பட்டது, 6.02214076 × 10²³ என்பது இனி அளந்து அறிய வேண்டிய மதிப்பு அன்று. இம்மதிப்பைத் தெரிவுசெய்வதற்கு, ஏறத்தாழத் தூய சிலிக்கான்-28 கொண்டு செய்யப்பட்ட ஒரு கிலோகிராம் எடையுள்ள கோளங்களின் அளவீடுகள் பெரிதும் உதவின. ஏறத்தாழ 9.4 சென்டிமீட்டர் விட்டமுடைய அக்கோளம் ஒன்றில் 2.15 × 10²⁵ அணுக்கள் உள்ளன.

இதன் விளைவாக, 12 கிராம் கார்பன்-12 ஒரு மோல் என்பது இன்று வரையறை அன்று. அளவீட்டால் அறியப்படும் உண்மை. வேறுபாடு நூறு கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு என்பதால் எந்த ஆய்வகக் கணக்கும் மாறாது. எனினும் மோல் எடையலகு அன்று என்பதை வரையறையே இப்போது நேரடியாகக் கூறுகிறது. பழைய பதிப்புகளைக் கொண்டு படிப்போர் இதைக் கருத்தில் கொள்ளுதல் நன்று.

கவனிக்க வேண்டியவை

ஒரு மோல் ஆக்சிசன் என்று மட்டும் கூறினால் அது முழுமையற்றது. அணுக்களாயின் 16 கிராம், மூலக்கூறுகளாயின் 32 கிராம். சமையலுப்பில் தனி மூலக்கூறுகள் இல்லை. ஒரு சோடியம் அயனியும் ஒரு குளோரைடு அயனியும் சேர்ந்த வாய்பாட்டு அலகே எண்ணப்படுகிறது.

ஒரு மோல் வளிமத்தின் கன அளவு 22.4 லீட்டர் என்பது 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் மட்டுமே பொருந்தும். 1982 முதல் செந்தர அழுத்தமாக ஒரு பார் பரிந்துரைக்கப்பட்டுள்ளது, அதன்படி 22.7 லீட்டர். தேர்வில் எவ்வழுத்தம் தரப்பட்டுள்ளது எனப் பார்த்தே எழுத வேண்டும். திண்ம, நீர்மப் பொருள்களுக்கு இவ்வெண்கள் எவ்வகையிலும் பொருந்தா.

மருத்துவத்தில் மோல்

மருத்துவமனைகளில் நரம்பு வழியே ஏற்றப்படும் உப்புநீரில் லீட்டருக்கு 9 கிராம் சமையலுப்பு உள்ளது. இது லீட்டருக்கு 0.154 மோல், அதாவது 154 மில்லிமோல். ஒவ்வொன்றும் இரண்டு அயனிகளாகப் பிரிவதால் கரைசலில் 308 மில்லிமோல் துகள்கள் உள்ளன. குருதி அணுக்களுக்குள் நீர் புகுவதையும் வெளியேறுவதையும் முடிவுசெய்வது கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையே. அவற்றின் எடை அன்று. இந்த எண்ணிக்கை குருதி நீர்மத்தில் உள்ளதற்கு நெருக்கமாக இருப்பதால்தான் அணுக்கள் உப்பிப் போகாமலும் சுருங்காமலும் இருக்கின்றன.

குருதிச் சர்க்கரையின் அளவு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் டெசிலீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என எடையாகக் கூறப்படுகிறது. பிரித்தானியா, கனடா, ஆத்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் லீட்டருக்கு இத்தனை மில்லிமோல் எனக் கூறப்படுகிறது. குளுக்கோசின் மோலார் நிறை 180 கிராம் என்பதால், ஒரு மில்லிமோல் 18 மில்லிகிராமுக்கு ஒத்துவரும். வெறும் வயிற்றில் நீரிழிவைக் குறிக்கும் எல்லை சென்னையில் 126 என்றால், இலண்டனில் அது 7.0. பிள்ளைகளைக் காண அயல்நாடு செல்லும் முதியவர், அங்குள்ள கருவியில் 9 என்ற எண்ணைக் கண்டு சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டதாக எண்ணி இனிப்பு உண்டால் தீங்கு நேரலாம். அந்த 9 என்பது இங்கு 162. கொழுப்பைக் குறிக்கும் கொலசுட்டிரால் அளவுக்கு இதே 18ஐப் பயன்படுத்தக் கூடாது. அதன் மோலார் நிறை 386.7 கிராம் ஆகையால் பெருக்க வேண்டிய எண் 38.67, டெசிலீட்டருக்கு 200 மில்லிகிராம் என்பது லீட்டருக்கு ஏறத்தாழ 5.2 மில்லிமோல்.